ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

பேராதனை கலஹா சந்தியில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்த சங்கதி இது. ஆய்வேடு ஒப்படைக்கும் காலம். போட்டோ கொப்பி மெஷின் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கடையில், நாவலப்பிட்டிப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து படிக்க வந்த இறுதி வருட மாணவி ஒருத்தி, கணினித் திரையைப் பார்த்தபடி அழாத குறையாக நின்றாள். கையில் நனைந்த குடை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒப்படைக்க வேண்டிய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக மாறிக் கிடந்தது. முதல் இரண்டு அத்தியாயங்களும் நான்காவதும் பழையபடி தமிழில் இருந்தன.

“எல்லாம் போச்சு அக்கா.”

“போகல தங்கச்சி. கொஞ்சம் தள்ளி இருங்க, நான் பாக்கிறேன்.”

கடைக்கார அக்கா செய்த முதல் வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, திரையில் தெரிந்த எஃப், இசட், அரைப்புள்ளி, பி என்ற எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே மேசைப் பலகையில் விரல்களால் தட்டினார். தட்டிக்கொண்டே, “கண்டி மாவட்டத் தோட்டப் பாடசாலைகளில்...” என்று வாசிக்கத் தொடங்கினார். இருபது வருடமாக பாமினி எழுத்துருவில் தட்டித் தட்டி, எந்த விசை எந்தத் தமிழெழுத்து என்பது கண்ணுக்கு மறந்தாலும் விரலுக்கு மறக்காதாம். அந்த வாசிப்பைக் கேட்டதும்தான் மாணவியின் முகத்தில் இரத்தம் வந்தது.

நடந்தது இதுதான். ஐந்து அத்தியாயங்களும் ஐந்து கோப்புகள். அவற்றை ஒரு தாய்க் கோப்பில் இணைப்பாகச் செருகியிருந்தாள். எந்த அத்தியாயத்தில் திருத்தம் செய்தாலும் தாய்க் கோப்பில் தானாக ஏறிவிடும் என்பது வசதி. அச்செடுக்கும் முன் விடுதியிலேயே பொருளடக்கத்தின் பக்க எண்களைச் சரிசெய்ய, கோப்பு முழுவதையும் தெரிவுசெய்து எஃப் 9ஐ அழுத்தினாள். பொருளடக்கம் மட்டும் புதுப்பிக்கப்படும் என்று நினைத்தாள். அந்த ஒரு விசை, கோப்பிலுள்ள எல்லா இணைப்புகளையும் சேர்த்தே புதுப்பிக்கும். மூன்றாம் அத்தியாயம் மூலக் கோப்பிலிருந்து மறுபடி இறங்கியது. இறங்கும்போது எழுத்துருவைக் கழற்றிவிட்டு வந்தது.

ஏன் மூன்றாவது மட்டும்? இங்கேதான் எனக்கு மனம் ஆறவில்லை. முதலிரண்டு அத்தியாயங்களையும் நான்காவதையும் மாணவி தானே தட்டியிருந்தாள். எல்லாவற்றையும் தெரிவுசெய்து மேலே பாமினி என்று எழுத்துருவை மாற்றிவிட்டாள். விவரம் தெரியாதவர்கள் செய்வது என்று கணினி ஆசிரியர்கள் கண்டிக்கும் முறை. மூன்றாம் அத்தியாயத்தைத் தட்டிக் கொடுத்தவர் முறையாகப் படித்தவர். ‘நோர்மல்’ என்ற ஸ்டைலையே திறந்து, அதற்குரிய எழுத்துரு பாமினி, அளவு 12 என்று ஒழுங்காக வரையறுத்திருந்தார். தாய்க் கோப்பிலும் ஒரு ‘நோர்மல்’ இருக்கிறது. அதன் எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன். ஒரே பெயரில் இரண்டு ஸ்டைல் சந்தித்தால் வேர்ட் வீட்டுக்காரன் சொல்வதைத்தான் கேட்கும். வந்தவனின் வரையறையைத் தூக்கிப் போட்டுவிடும். கையால் நேரடியாகப் போட்ட எழுத்துரு மட்டும் தப்பித்து வந்துசேரும். ஆக, ஒழுங்காக வேலை செய்தவரின் அத்தியாயம் சிதைந்தது, ஒழுங்கில்லாமல் செய்ததெல்லாம் பிழைத்தது.

இன்னொன்றும் தெரியவந்தது. மூன்று கிழமைக்கு முன்பும் இதே அத்தியாயம் இப்படியே வந்ததாம். அப்போது அவள் தாய்க் கோப்புக்குள்ளேயே ஒவ்வொரு பந்தியாகத் தெரிவுசெய்து பாமினி போட்டு, நடுவில் வரும் ஆங்கில நூலாசிரியர் பெயர்களை மட்டும் மறுபடி டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றி, இரண்டு இரவு கண் விழித்துச் சரிசெய்திருந்தாள். அந்த இரண்டு இரவையும் ஒரு எஃப் 9 துடைத்துவிட்டது. இணைத்த பகுதியில் கை வைத்துத் திருத்துவது ஓடும் தண்ணீரில் எழுதுவதுதான். திருத்தம் மூலக் கோப்பில் இருக்க வேண்டும். இதை அவளுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

இவ்வளவும் ஆங்கிலத்தில் எழுதுபவருக்கும் நடக்கும். அவர் ஆய்வேட்டில் தலைப்பின் தடிப்பு போகும், வரி இடைவெளி நெருங்கும், பக்கம் கூடும். எரிச்சல்தான், ஆனால் வாசிக்கலாம். அவருக்குப் போனது உடுப்பு. நமக்கு அப்படியில்லை. பாமினியில் தட்டிய தமிழுக்கு எழுத்துரு போனால் மொழியே போய்விடுகிறது. கணினிக்குள் அங்கே தமிழ் எப்போதுமே இருந்ததில்லை. ‘தமிழ்’ என்று நாம் வாசித்த இடத்தில் அது வைத்திருந்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ‘இலங்கை’ என்பது ஒரு காற்புள்ளியில் தொடங்குகிறது, ஏனென்றால் காற்புள்ளி விசையில்தான் பாமினியின் ‘இ’ இருக்கிறது. எழுத்துரு என்பது அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய தமிழ் முகம். எல்லாரும் எழுத்துருவை அலங்காரம் என்று நினைத்திருக்க, நாம் அதையே மொழியைத் தாங்கும் தூணாக வைத்துவிட்டோம்.

ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவரின் கை தவறிப் பலகை கவிழ்ந்தாலும், தரையில் கிடந்த ‘க’ ‘க’வாகத்தான் கிடந்தது. பொறுக்கி எடுத்து மறுபடி கோத்தார்கள். கண்டியில் பிறந்த சித்திலெப்பை எழுதி 1885இல் வெளிவந்த ‘அசன்பே சரித்திரம்’ நாவலின் பழைய பிரதியொன்று உங்கள் கைக்கு வந்தால், தாள் பழுத்திருக்கும், ஓரம் உதிரும். எழுத்தை எழுத்தாகவே வாசிக்கலாம். நான் 2005இல் தொகுத்து, இறுவட்டில் போட்டுப் பத்திரப்படுத்திய ஒரு விழா மலரை இன்று என் மடிக்கணினியில் திறந்தால் ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை.

அந்த மலர் கதையையும் சொல்லிவிடுகிறேன். கண்டிக்கு அருகே ஒரு பாடசாலையின் ஆண்டு நிறைவு விழா. வாழ்த்துச் செய்திகள், கட்டுரைகள், பழைய மாணவர் பட்டியல் என்று பதினேழு கோப்புகள் பல திசைகளிலிருந்து வந்தன. அவற்றை ஒரு தாய்க் கோப்பில் இணைக்கும் பொறுப்பு எனக்கு. ஒருவர் எழுத்துருவுக்கு ‘பாமினி’ என்று ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’ போட்ட பெயர் வைத்திருந்தார்; இன்னொருவரிடம் இரண்டு ‘ஏ’ போட்டது. வடிவம் ஒன்றுதான், ஆனால் பெயரில் ஓர் எழுத்துக் கூடினால் கணினிக்கு அது வேறு எழுத்துரு. என் கணினியில் இல்லாத பெயரைக் கண்டதும் கைக்குக் கிடைத்த ஆங்கில எழுத்துருவை எடுத்து மாட்டிவிட்டது. அதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டேன்.

கண்டுபிடிக்காமல் விட்டது வேறு. தட்டும்போது வேர்ட் தானாகத் திருத்துகிறதே, வாக்கியத்தின் முதலெழுத்தை ஆங்கிலப் பேரெழுத்தாக்கும் அந்த வசதி, அது திரையிலிருப்பது தமிழ் என்று அறியாது. பாமினியில் சிற்றெழுத்து எஃப் ‘க’. பேரெழுத்து எஃப் ‘கு’. ‘கண்டி’ என்று தொடங்கும் ஒரு பந்தியில் முதலெழுத்தை அது பேரெழுத்தாக்கினால் நம் ஊரின் பெயர் என்னவாகும் என்பதை நீங்களே மனதுக்குள் வாசித்துப் பாருங்கள். ஒரு பெரியவரின் வாழ்த்துச் செய்தி அப்படித்தான் தொடங்கியது. அது அச்சாகிப் புத்தகமும் கட்டியான பிறகுதான் கண்ணில் பட்டது. இருநூறு பிரதியிலும் அந்த எழுத்தின் மேல் வெள்ளைத் துண்டு ஒட்டினோம். அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இதே திருத்தும் வசதி, சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பேரெழுத்து வந்தால் இரண்டாவதைச் சிற்றெழுத்தாக்கும். ‘ஆகும்’ என்ற சொல்லுக்கு பாமினியில் எம், எஃப் என்று இரண்டு பேரெழுத்து வேண்டும். இரண்டாவது சிறுத்தால் ‘ஆகம்’. தமிழ் ஆய்வேட்டில் எத்தனை வாக்கியம் ‘ஆகும்’ என்று முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். இணைப்புக் கோளாறை எழுத்துருவை மாற்றிச் சரிசெய்யலாம். இப்படித் தட்டும்போதே மாறிப்போன எழுத்து எந்த எழுத்துரு போட்டாலும் திரும்பாது. பாமினியில் தட்டுகிறவர்கள் தானியங்கித் திருத்தத்தை முதலில் அணைத்துவிட வேண்டும்.

மும்மொழியில் வேலை நடக்கும் கண்டியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி. அறிவித்தல், அழைப்பிதழ், படிவம் என்று மூன்று மொழியும் ஒரே தாளில் வருவது இங்கே வழமை. சிங்களத்துக்கும் இதேபோல ஆங்கில விசைகளின் மேல் போர்த்திய பழைய எழுத்துருக்கள் இருக்கின்றன. எஃப்எம் அபய அவற்றில் பெயர்போனது. தாய்க் கோப்பின் ‘நோர்மல்’ எஃப்எம் அபயவாக இருந்து, அதற்குள் பாமினித் தமிழ்க் கோப்பு ஒன்று இணைப்பாக வந்தால், தமிழ்ப் பந்தி சிங்கள எழுத்தில் எழுந்து நிற்கும். எழுத்தெல்லாம் அசல் சிங்களம், சொல் ஒன்றும் சிங்களமில்லை. சிங்களம் வாசிக்கத் தெரியாத தமிழர் அதைப் பார்த்து, சிங்களப் பகுதி இரண்டு தரம் வந்திருக்கிறது என்று நினைப்பார். சிங்களவர் பார்த்து, தட்டச்சுப் பிழை மலிந்திருக்கிறது என்று தலையாட்டுவார். தமிழ் காணாமல் போனதை இருவரும் கவனிக்கமாட்டார்கள். கேட்பாரற்றுத் தமிழ் தொலைவதற்கு இதைவிட அமைதியான வழி எனக்குத் தெரியவில்லை.

கலஹா சந்திக்குத் திரும்புவோம். அக்கா மூன்றாம் அத்தியாயத்தின் மூலக் கோப்பைத் தேடினார். அதுவே அரை மணி நேரம் பிடித்தது. இணைப்பு என்பது கோப்பு இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் எழுதி வைத்துக்கொள்ளும். மாணவியின் விடுதியிலிருந்த கணினியில் அவளுடைய பென் டிரைவ் ‘ஈ’. கடைக் கணினியில் அது ‘எஃப்’. இரண்டு அத்தியாயங்களுக்குப் பழைய முகவரியே இருந்தது. அவற்றைக் கடைக் கணினியில் மறுபடி புதுப்பித்திருந்தால், கோப்புப் பெயர் செல்லாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தடிப்பெழுத்தில் வந்து அத்தியாயம் முழுவதும் மறைந்திருக்கும். ஆல்ட்டுடன் எஃப் 9ஐ அழுத்தி, ஒவ்வோர் இணைப்பின் உள்வரியையும் திறந்து முகவரியை அக்கா கையால் திருத்தினார். அந்த வரி திறந்திருக்கும்போதுதான் இணைப்பு என்ன நிபந்தனையில் வந்தது என்பதும் தெரியும். தோற்றத்தைக் காப்பாற்று என்று ஒரு கட்டளை சில இணைப்புகளின் வாலில் தொங்கும். அதை நம்பிவிடக்கூடாது என்றார். பழைய தோற்றத்தைச் சொல்லுக்குச் சொல் எண்ணித்தான் அது பொருத்துகிறது. மூலத்தில் நடுவே நான்கு சொல் கூடினால் தடிப்பெழுத்தும் சாய்வெழுத்தும் நான்கு சொல் தள்ளிப்போய் உட்காரும்.

பிறகு மூன்றாம் அத்தியாயத்தில் ‘நோர்மல்’ என்ற பெயரையே விட்டுவிட்டு, புதிதாக ஒரு ஸ்டைல் உண்டாக்கி, வேறெந்தக் கோப்பிலும் இருக்க முடியாத ஒரு பெயர் வைத்தார். தாய்க் கோப்பில் அந்தப் பெயர் இல்லாதவரை, வரும் பந்தி தன் வரையறையைத் தன்னோடு கொண்டுவரும். இதுதான் அந்த இரவின் மருந்து. நூற்பட்டியலை மட்டும் தனியாக வைத்துக்கொண்டார். ஒரு பந்தியில் பாதிக்கு மேல் கையால் எழுத்துரு மாற்றியிருந்தால், புதிய ஸ்டைல் போடும்போது வேர்ட் அந்த மாற்றத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஆங்கில நூற்பெயர்கள் எல்லாம் பொருளற்ற தமிழெழுத்தாகிவிடும். ஒட்டும்போது கேட்கும் தெரிவுகளிலும் இதே ஆபத்து இருக்கிறது. மூலத் தோற்றத்தை வைத்திரு என்பதைத் தெரிந்தெடுத்தால் பாமினி பிழைக்கும். கலந்துவிடு என்றாலும், வெறும் எழுத்து மட்டும் என்றாலும் போனது போனதுதான்.

எல்லாம் சரியானதும் தாய்க் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து, கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் 9 மூன்றையும் சேர்த்து அழுத்தி, அந்தப் பிரதியில் இணைப்புகளை அறுத்தார். அப்படி அறுத்த பிரதியைத்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும். இணைப்பு உயிரோடிருக்கும் கோப்பை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோவதும், மூலக் கோப்புகளைத் தராமல் தாய்க் கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புவதும் அவர் கடைக்கு வரும் சிக்கல்களில் பாதிக்குக் காரணம் என்றார். சேமிக்கும் தெரிவுகளுக்குள் எழுத்துருவைக் கோப்பிலேயே பதித்துவிடும் கட்டம் ஒன்று இருக்கிறது. அனுமதியுள்ள எழுத்துருவென்றால் அதுவும் கைகொடுக்கும்.

பிடிஎஃப் ஆக்கிவிட்டால் தீர்ந்ததே என்று சொல்பவர்கள் உண்டு. அச்சிடுவதற்கு அது போதும்தான். ஆனால் அந்தப் பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியைப் பிரதி செய்து இன்னோரிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ. உள்ளே இருப்பது அதே ஆங்கில எழுத்துதான்.

இனி என் கவலைக்கு வருகிறேன். இந்த மாணவியின் ஆய்வேடு அன்றிரவு தப்பிவிட்டது. தப்பாதவை எத்தனை? தமிழுக்கு, எழுத்துருவை நம்பாமல் எழுத்தையே பதியும் யூனிகோட் குறிமுறையில் 128 இடம் கொண்ட ஒரு பகுதி 1991இலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ் 2000 வந்தபோது லதா என்ற யூனிகோட் எழுத்துருவும் கூடவே வந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், வேறு குறிமுறைகளில் தட்டிய பழந்தமிழ் நூல்களை உழைத்து உழைத்து யூனிகோடுக்கு மாற்றியது. இலங்கையில் 2008இல் தமிழுக்கென்று எஸ்எல்எஸ் 1326 என்ற நியமமே வந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்று அறிவித்தது. அவ்வளவுக்குப் பிறகும் இன்று கண்டி நகரத்தில் ஒரு கல்யாண அழைப்பிதழுக்கோ கோயில் துண்டுப்பிரசுரத்துக்கோ போனால் பெரும்பாலும் பாமினிதான் கேட்கிறார்கள்.

டைப் செட்டிங் செய்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் நெடுங்காலம் வேலை செய்த பேஜ்மேக்கரில் யூனிகோட் தமிழ் வேலை செய்யாது. இன்டிசைனில்கூட இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி 2012இல், சிஎஸ்6 பதிப்பில்தான் வந்தது. பழகிய விரலை மாற்றச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் விரலை மாற்றவே தேவையில்லை. பாமினி விசைகளிலேயே தட்டி யூனிகோட் எழுத்தைப் பெறும் வசதி இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் இருக்கிறது. அதே எஃப், அதே இசட், அதே அரைப்புள்ளி. உள்ளே போய் உட்காருவது மட்டும் க, ண, புள்ளி, ட, இகர விசிறி. அப்படித் தட்டிய அத்தியாயம் எந்தத் தாய்க் கோப்புக்குள் போனாலும், எந்த ‘நோர்மல்’ அதை விழுங்கினாலும், அளவு மாறலாம், தடிப்புப் போகலாம், அழகில்லாத எழுத்துருவில் நிற்கலாம், தமிழாகத்தான் நிற்கும். வேர்ட்டிலும் லிப்ரே ஓபிஸிலும் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழும் சிங்களமும் போன்ற எழுத்துகளுக்கு வேறோர் எழுத்துரு என்று இரண்டு கட்டம் இருப்பதால், அளவை மாற்றும்போது ஒன்று மாறி மற்றது மாறாமல் நிற்கும். அது ஒரு சில்லறைத் தொல்லை. அந்தத் தொல்லையை நான் இரு கையும் நீட்டி வாங்கிக்கொள்வேன்.

பயமெல்லாம் பின்னால் கிடப்பவற்றைப் பற்றித்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து மலையகத்தில் தட்டப்பட்ட தமிழைச் சற்று நினைத்துப் பாருங்கள். கம்பளையிலும் புசல்லாவையிலும் தெல்தோட்டையிலும் கோயில் கும்பாபிஷேக மலர்கள். தோட்டத்து நலன்புரிச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகள். பாடசாலைச் சஞ்சிகைகள். பிரதியெடுத்து ஐம்பது பேருக்கு மட்டும் கொடுத்த கவிதைத் தொகுப்புகள். லயத்துப் பாட்டிமாரிடம் கேட்டுப் பதிந்த நாட்டார் பாடல்களோடு மாணவர்கள் செய்த ஆய்வேடுகள். அச்சுப் பிரதி கறையானுக்கும் மழைக்கும் போயிருக்கும். மென்பிரதி ஒரு டிஸ்கட்டிலோ இறுவட்டிலோ கிடக்கும். அதைத் திறக்கும் பேரனுக்கோ பேத்திக்கோ முதலில் தெரிவது குப்பை போன்ற ஆங்கில எழுத்து. கோப்புக் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். வைரஸ் என்று சொல்லி அழித்த ஒருவரை நானே அறிவேன். அழித்தது அவருடைய தகப்பனார் தட்டி வைத்திருந்த குடும்ப வரலாறு.

அழிக்காமல் வைத்திருந்தாலும் தேடினால் அகப்படாது. கணினியில் ‘கண்டி’ என்று யூனிகோடில் தேடுகிறவருக்கு, எஃப், இசட், அரைப்புள்ளி, பி என்று கிடக்கும் ஆயிரம் கண்டிகளில் ஒன்றும் எதிர்ப்படாது. நூலகம் எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து வருகிறது. அச்சில் வந்த புத்தகத்தைப் படமெடுத்துக் காப்பாற்றுகிறார்கள். அச்சுக்கே போகாத, கோப்பாக மட்டும் இருக்கும் எழுத்தை யார் படமெடுப்பது? அதைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கே அது தமிழ் என்று தெரிய வேண்டுமே.

முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாக அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்கள், அரபுத் தமிழ். அதை வாசிக்க ஓதற்பள்ளியில் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தது. நாம் ஆங்கில எழுத்தில் கால் நூற்றாண்டு தமிழ் எழுதிவிட்டு, அதை வாசிக்க ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படி எழுதியிருக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது.

மாற்றும் கருவிகள் இணையத்தில் தாராளமாகக் கிடக்கின்றன. பாமினியை ஒரு பெட்டியில் ஒட்டினால் மறுபெட்டியில் யூனிகோட் வரும். ஆனால் முழுக் கோப்பையும் அள்ளி ஒட்டிவிடக்கூடாது. இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் அது தமிழென்று எண்ணி மாற்றிவிடும். அடிக்குறிப்புகள் தனியே கிடப்பதால் விடுபட்டுப்போகும். பாமினியில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்டுவோம்; யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. நல்ல கருவி இந்த வரிசையைத் திருப்பிப் போடும், மோசமானது கொம்பை அந்தரத்தில் விட்டுவிடும். மாற்றியதை ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, பழைய அச்சுப் பிரதி இருந்தால் அதோடு ஒப்பிட்டு, வரி வரியாக வாசிக்கத்தான் வேண்டும். பாமினியை வெறும் கண்ணால் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் அவசரம். அந்த அக்காவைப் போன்றவர்கள் கண்டியில் இன்னும் எத்தனை பேர் கடை வைத்திருப்பார்கள்?

கடை சாத்தும்போது மழை விட்டிருந்தது. மாணவி மூன்று பிரதிகளையும் பொலித்தீன் உறையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காசு கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீஆர் கொப்பியை எடுத்தார். மட்டை பிய்ந்து, நூலால் தைத்த கொப்பி. வாடிக்கையாளரின் பெயர், ஊர், கோப்பின் பெயர், திகதி என்று நிரல் நிரலாகக் கோடு கிழித்திருந்தார். கடைசிக் கட்டத்தில் எழுத்துரு. இவர் கடைக்கு வந்த ஒவ்வொரு கோப்பும் எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்பது அதில் இருக்கிறது.

“எதுக்கு அக்கா இதெல்லாம் எழுதி வைக்கிறீங்க?”

“யாராவது திரும்பி வருவாங்க தம்பி. பத்து வருசம் கழிச்சு ஒருத்தர் சீடியோட வந்தாரு. கொப்பியப் பாத்துத்தான் திறந்து கொடுத்தேன்.”

மாணவியின் பெயருக்கு நேரே அத்தியாயம் ஒன்று, இரண்டு, நான்கு என்று எழுதி, பாமினி, இரண்டு ஏ என்று குறித்தார். மூன்றுக்கு ஒரு ஏ. ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, கணினியை மறுபடி முடுக்கினார். அதை அவர் இன்னும் திறந்து பார்க்கவில்லையாம்.